நாலு வருஷமாக அசிடிட்டி மாத்திரை: நிறுத்தினால் எரிகிறது, தொடர்ந்தால் பயமாக இருக்கிறது

கடிதம் எழுதியவர் பல்லடம் பக்கத்துக்காரர், வயது 52. வீட்டை ஒட்டிய ஷெட்டில் எட்டு விசைத்தறி போட்டுக் கூலிக்கு நெய்து கொடுக்கிறார். ஆள் வராத நாட்களில் இரவு ஷிப்ட்டையும் அவரே பார்க்கிறார். இரவுச் சாப்பாடு பதினோரு மணிக்கு மேல்தான். சாப்பிட்ட கையோடு ஷெட்டிலேயே கயிற்றுக் கட்டிலில் சாய்கிறார். நாளுக்கு ஆறேழு டீ. நாலு வருடத்துக்கு முன் நெஞ்செரிச்சல் என்று போனபோது ஒரு மருத்துவர் பதினைந்து நாளைக்கு எழுதிக் கொடுத்த அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலும் குமட்டலை அடக்கும் டோம்பெரிடோனும் கலந்த மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி இன்றுவரை தினமும் போடுகிறார். மூன்று தடவை நிறுத்திப் பார்த்தாராம். ஒவ்வொரு தடவையும் மூன்றாம் நாளே "நெஞ்சுக்குள்ள மொளகாப்பொடியக் கொட்டுனாப்புல" எரிந்து, புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் எதுக்களித்து வந்திருக்கிறது. முழங்கால் வலிக்கு வாரத்தில் மூன்று நான்கு நாள் வலி மாத்திரையும் உண்டு. பதினைந்து வருடமாகச் சைவம். கடைசியில், போகிற போக்கில் இரண்டு வரி: உள்ளங்கால் ஆறு மாதமாக மரத்துப்போன மாதிரி இருக்கிறது, போன மாதம் ஒரு நள்ளிரவில் வியர்த்துக் கொட்டி நெஞ்சு எரிந்தது, சோடா குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

அவருடைய கேள்விகள்: எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆசிட் சுரக்கிறது? இதை ஒரேயடியாக நிறுத்த ஆபரேஷன் உண்டா? ஆசிட் குறைவாக இருப்பதால்தான் எரிகிறது, எலுமிச்சைச் சாறு குடி என்று பங்காளி சொல்கிறாரே, செய்யலாமா? மாத்திரையை விடுவதா, தொடர்வதா?

அண்ணா, உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால் அந்தக் கடைசி வரியைப் பேசிவிடுகிறேன். நீங்கள் அதைக் கேள்வியாகவே எழுதவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

முதலில் இதயத்தைப் பாருங்கள்

இதயத்தின் அடிப்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே இரைப்பை. இரண்டிலிருந்தும் வலிச் செய்தி கொண்டு போகும் நரம்புகள் தண்டுவடத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால் இதயத்துக்கு ரத்தம் குறையும்போது அதை நெஞ்செரிச்சல் என்றும் 'கேஸ்' என்றும் மூளை தப்பாகப் புரிந்துகொள்ள முடியும். ஈரோட்டில் இத்தனை வருடம் வயிற்று மருத்துவம் பார்த்ததில், கேஸ் என்று சோடா குடித்துவிட்டு விடியும்வரை காத்திருந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு வியர்வையோடு வரும் எரிச்சல் இதயம்தான் என்று சொல்லவில்லை. ஆனால் இதயம் இல்லை என்று பார்த்து உறுதி செய்கிறவரைக்கும் அதை வயிறு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இந்த வாரமே ஒரு ஈசிஜி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். படி ஏறும்போது, பாவு பீம் தூக்கும்போது எரிச்சல் வந்து, உட்கார்ந்தால் அடங்குகிறதா என்று யோசித்துப் பார்த்து அதையும் சொல்லுங்கள். மறுபடி வியர்வையோடு வந்தால், அல்லது இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால், 108-ஐக் கூப்பிடுங்கள். தறி நின்றால் நிற்கட்டும். அந்த ஈசிஜியில் இன்னொரு பயனும் இருக்கிறது. உங்கள் மாத்திரையில் கலந்திருக்கும் டோம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும். அதை வருடக்கணக்கில் சாப்பிடுவது யாருக்கும் நான் விரும்பி எழுதும் விஷயம் இல்லை.

சரி, இனி வயிற்றுக்கு வருவோம்.

உங்களுக்கு 'அதிக ஆசிட்' இல்லை என்றே நினைக்கிறேன்

நெஞ்செரிச்சல் என்று வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அமிலம் சுரக்கும் அளவு சாதாரணமாகத்தான் இருக்கும். நல்ல ஆரோக்கியமான இரைப்பையே நாளைக்கு இரண்டு லிட்டர் அளவுக்குச் செரிமான நீர் சுரக்கிறது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். லண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரவுட் என்ற மருத்துவர் 1824-லேயே இதைக் கண்டு சொல்லிவிட்டார். ரத்தத்தில் இருப்பதைப் போலப் பத்து லட்சம் மடங்குக்கு மேல் அமிலத்தன்மையை இரைப்பைச் சுவரில் உள்ள ஒருவகைச் செல்கள் உண்டாக்குகின்றன. அந்தச் செல்களுக்குள் லட்சக்கணக்கான மிகச் சிறிய பம்புகள் இருக்கின்றன. ஒரு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு ஹைட்ரஜனை வெளியே தள்ளுவதுதான் ஒவ்வொரு பம்புக்கும் வேலை.

இந்தப் பம்புகள் தானாக ஓடுவதில்லை. மூன்று இடத்திலிருந்து உத்தரவு வர வேண்டும். மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு ஒன்று. இரைப்பையின் அடிப்பகுதியில் சுரந்து ரத்தம் வழியாக வரும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் இன்னொன்று. பக்கத்துச் செல்கள் விடும் ஹிஸ்டமின் மூன்றாவது. கொள்ளுப் பருப்பு தாளிக்கிற வாசம் மூக்கில் ஏறியதுமே வேகஸ் நரம்பு வேலையைத் தொடங்கிவிடும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சுரக்கும் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சோறு வயிற்றுக்குள் போவதற்கு முன்பே இப்படிச் சுரப்பதுதான். சாப்பாடு உள்ளே வந்து இரைப்பை விரிந்ததும் காஸ்ட்ரின் ஏறுகிறது, பம்புகள் முழு வேகத்தில் ஓடுகின்றன. அமிலம் போதிய அளவுக்கு வந்ததும் சொமடோஸ்டாடின் என்ற இன்னொரு ஹார்மோன் காஸ்ட்ரினை அடக்கிவிடுகிறது. ஓட்டுவதற்கும் நிறுத்துவதற்கும் உடம்பிலேயே ஆள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுத்துகிற ஆளை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

'நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் ஆசிட் சுரந்து வயிற்றையே அரித்துவிடும்' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். உங்கள் கடிதத்திலும் இது இருக்கிறது. 1822-ல் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டு வயிற்றில் ஓட்டை விழுந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஓட்டை மட்டும் மூடவே இல்லை. வில்லியம் பியூமான்ட் என்ற ராணுவ மருத்துவர் அந்த ஓட்டை வழியாக வருடக்கணக்கில் இரைப்பைக்குள் பார்த்துக் குறிப்பெடுத்தார். (அந்த மனிதரின் சம்மதம் எவ்வளவு தூரம் உண்மையான சம்மதம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சங்கடமாகத்தான் இருக்கிறது.) பசித்த வயிற்றில் செரிமான நீர் தேங்கிக் கிடப்பதில்லை, உணவு வந்தால்தான் ஊற்றெடுக்கிறது என்பது அவர் கண்ட உண்மைகளில் ஒன்று. பட்டினி வயிற்றிலும் கொஞ்சம் சுரக்கும். ஆனால் ஒரு வேளை தப்பியதற்காக இரைப்பை தன்னைத்தானே தின்றுவிடாது. சுவரின் மேல் கோழை போன்ற ஒரு படலம் இருக்கிறது. அதற்குள் பைகார்பனேட் என்ற காரம் ஊறி நிற்கிறது. மேல்தோல் செல்களும் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிவிடுகின்றன.

அப்படியானால் எரிச்சல் எங்கிருந்து வருகிறது? இரண்டு வழி. ஒன்று, அமிலம் அளவாகத்தான் இருக்கிறது, ஆனால் இருக்கக்கூடாத இடத்துக்குப் போகிறது. உணவுக்குழாயின் அடியில் உள்ள வால்வு தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். உணவுக்குழாய்க்கு அந்தக் கோழைக் கவசம் கிடையாது. நீங்கள் எழுதியிருக்கும் எதுக்களிப்பு இதைத்தான் காட்டுகிறது. இரண்டாவது, அமிலம் அளவாக இருக்கிறது, கவசம் கிழிந்திருக்கிறது. உங்கள் முழங்கால் மாத்திரை இங்கேதான் வருகிறது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைத் தடுக்கின்றன. ஆனால் கோழைப் படலத்தைச் சுரக்க வைப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் ஆகாது என்று எழுதியிருக்கிறீர்கள். எரிச்சல் கொஞ்சம் குறையலாம், புண் வரும் ஆபத்து போகாது. மாத்திரை ரத்தத்தில் கலந்துதான் இந்த வேலையைச் செய்கிறது. அதனால் ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான்.

கவசத்தைக் கெடுக்கும் இன்னொன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று மருத்துவர்களே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-ல் இந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்து, தனக்கே இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் அவருக்கும், அவரோடு சேர்ந்து கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரில் இந்தக் கிருமி சாதாரணம். உங்களுக்கு நாலு வருடத்தில் ஒருமுறைகூட இதற்கான சோதனை செய்யவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆபரேஷன், எலுமிச்சை, பால்

ஆபரேஷன் ஒரு காலத்தில் உண்டு. வேகஸ் நரம்பை வெட்டி அமிலத்தைக் குறைப்பார்கள், இரைப்பையைக் குடலோடு இணைத்தும் விடுவார்கள். நம் பக்கம் எழுபது எண்பது வயதுப் பெரியவர்கள் சிலருக்கு மேல்வயிற்றில் நீளத் தழும்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1970-களில் ஹிஸ்டமினைத் தடுக்கும் சிமெடிடின் வந்தது. 1980-களின் கடைசியில் பம்பையே பூட்டும் ஒமெப்ரசோல் வந்தது. அதற்குப் பிறகு அந்த அறுவைக்கு வேலை மிகக் குறைந்துவிட்டது. உங்களுக்கு அது வேண்டாம். தளர்ந்த வால்வைச் சரிசெய்ய வேறு அறுவை இருக்கிறது, ஆனால் அதைப் பேசும் கட்டம் இது இல்லை.

உங்கள் பங்காளி சொல்வது அக்கறையில்தான். ஆனால் கணக்கு உதைக்கிறது. அமிலம் குறைவாக இருப்பதால் எரிகிறது என்றால், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையில் எரிச்சல் ஏன் அடங்குகிறது? ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயில் எலுமிச்சையோ வினிகரோ பட்டால் இன்னும் காந்தும். காசு கொடுத்து வாங்கும் 'அல்கலைன்' தண்ணீரும் வேண்டாம், வயிற்றுக்குள் போன சற்று நேரத்தில் அமிலம் அதை மாற்றிவிடும். பால் குடித்ததும் இதமாக இருப்பது உண்மைதான். கொஞ்ச நேரம் கழித்து அதிலுள்ள புரதமும் கால்சியமும் அமிலத்தைத் தூண்டும். நள்ளிரவில் பால் குடித்துவிட்டுப் படுப்பதை விடுங்கள். சோடா உப்புப் பொடி அவசரத்துக்கு ஒரு தடவை சரி. அதில் சோடியம் அதிகம், ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு ஆகாது.

மாத்திரையை விட்டால் ஏன் இப்படி எரிகிறது

இதை உங்கள் தறியை வைத்தே சொல்கிறேன். உங்கள் பான்டோபிரசோலும் ஒமெப்ரசோல் வகைதான், தினமும் பம்பைப் பூட்டி வைக்கிறது. அமிலம் குறைந்தே இருப்பதால், முன்பு சொன்ன அந்த நிறுத்துகிற ஆளுக்கு வேலை இல்லாமல் போகிறது. காஸ்ட்ரின் ஏறிக்கொண்டே போகிறது. உற்பத்தி வரவில்லையே என்று உடம்பு ஷெட்டில் கூடுதலாகத் தறி போட்டு வைக்கிறது. அதாவது ஹிஸ்டமின் விடும் செல்களும் அமிலம் சுரக்கும் செல்களும் பெருகுகின்றன. நீங்கள் ஒரு நாள் திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் பழைய எட்டுத் தறியோடு புதிதாகப் போட்டவையும் சேர்ந்து ஓடுகின்றன. டென்மார்க்கில் வயிற்றுத் தொந்தரவே இல்லாத 120 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2009-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அவர்களில் 44 விழுக்காட்டினருக்கு எரிச்சல், எதுக்களிப்பு போன்றவை வந்தன. மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்ட மற்ற பாதியில் 15 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. எட்டு வாரத்துக்கே இப்படி என்றால் உங்களுடையது நாலு வருடம். ஆகவே நிறுத்தியதும் எரிந்ததை வைத்து 'எனக்கு இது ஆயுளுக்கும் வேண்டும்' என்று முடிவு கட்ட வேண்டாம். இந்த எழுச்சி சில வாரங்களில் தானாகத் தணியும்.

அதற்காக இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். வலி மாத்திரை சாப்பிடுகிற வரைக்கும் உங்கள் இரைப்பைக்கு இருக்கும் ஒரே காவல் இந்த மாத்திரைதான். முழங்காலுக்கு முதலில் வழி பண்ணுங்கள். எலும்பு மருத்துவரைப் பார்த்து, தொடைத் தசைக்குப் பயிற்சி, பாரசிட்டமால், மேலே தடவும் மருந்து என்று மாறுங்கள். அதன் பிறகுதான் இதைக் குறைக்க வேண்டும்.

உள்ளங்கால் மரத்துப்போவது

இதையும் வயிற்றோடு சேர்த்து நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். வைட்டமின் பி12 உணவில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுக்க அமிலமும் பெப்சினும் வேண்டும். பெப்சின், செயலற்ற நிலையில் சுரந்து அமிலம் பட்ட பிறகே விழித்துக்கொள்ளும் ஒரு நொதி. பிரிந்த பி12-ஐக் குடலின் கடைசிப் பகுதி உறிஞ்ச வேண்டுமானால், அமிலம் சுரக்கும் அதே செல்கள் சுரக்கும் இன்னொரு பொருள் துணைக்கு வேண்டும். சைவ உணவில் பி12 பால், தயிரிலிருந்துதான் வருகிறது. அந்தக் கொஞ்சத்தையும் நாலு வருடமாக அமிலம் குறைந்த வயிற்றில் பிரித்தெடுக்க முடியாமல் போயிருக்கலாம். சர்க்கரை நோயாலும் கால் மரக்கும். இரண்டையும் பாருங்கள். பி12 குறைவு என்று தெரிந்தால் ஊசியோ மாத்திரையோ போட்டு ஈடு செய்யலாம். மாத்திரையில் இருக்கும் பி12 புரதத்தில் ஒட்டியிருப்பதில்லை, அதற்கு அமிலம் தேவையில்லை. தள்ளிப்போட்டால் நரம்புச் சேதம் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

எந்த வரிசையில் செய்வது

ஈசிஜிக்குப் பிறகு ஒரே தடவை ரத்தம் கொடுத்து ரத்த அணுக்கள், பி12, சர்க்கரை, கிரியாட்டினின், மெக்னீசியம் பார்த்துவிடுங்கள். கிரியாட்டினின் எதற்கு என்றால், வலி மாத்திரையும் இந்த மாத்திரையும் அபூர்வமாகச் சிறுநீரகத்தைத் தொடும். நீண்ட நாள் சாப்பிட்டால் மெக்னீசியமும் சிலருக்கு இறங்கும்.

அடுத்து ஒரு எண்டோஸ்கோபி. உங்கள் வயதுக்கும், நாலு வருடக் கதைக்கும், வலி மாத்திரைக்கும் அது தேவை. பத்து நிமிட வேலை. தனியாரில் செலவு இடிக்கும் என்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரைப்பை குடல் பிரிவுக்குப் போங்கள். கிருமிச் சோதனையையும் அதோடு கேளுங்கள். பான்டோபிரசோல் உள்ளே இருக்கும்போது கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும் என்பதால் இரண்டு வாரம் அதை நிறுத்தச் சொல்வார்கள். அந்த இரண்டு வாரம் எரியும், தெரிந்துகொண்டே போங்கள். ஆன்டாசிட் சிரப் வைத்துச் சமாளிக்கலாம். மருத்துவர் சம்மதித்தால் அந்த நாட்களுக்கு, ஹிஸ்டமினைத் தடுக்கும் ஃபமோடிடின் போடலாம். வலி மாத்திரை அந்த இரண்டு வாரமும் வேண்டவே வேண்டாம். கிருமி இருந்தால் பதினான்கு நாள் கூட்டு மருந்து தருவார்கள். நன்றாகிவிட்டது என்று ஐந்தாம் நாள் விட்டுவிடக் கூடாது.

எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் மோசமாகப் புண்ணாகியிருந்தால் மாத்திரை தொடர வேண்டியதுதான், அதில் பயப்பட ஒன்றுமில்லை. அப்படி இல்லை என்றால் டோம்பெரிடோன் இல்லாத தனி மாத்திரைக்கு மாறி, 40 மில்லிகிராமிலிருந்து 20-க்கு இறங்கி, சில வாரம் கழித்து ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று மருத்துவர் மேற்பார்வையில் குறைக்கலாம். மாத்திரை போடும் நேரத்தையும் மாற்றுங்கள். இரவு எரிந்தால் படுக்கும்போது போடுகிறேன் என்கிறீர்கள். இந்த மருந்து ஓடுகிற பம்பைத்தான் பூட்டும். பம்புகள் சாப்பாட்டுக்குத்தான் ஓடும். சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் போட்டால்தான் மருந்து ரத்தத்தில் இருக்கும் நேரமும் பம்பு ஓடும் நேரமும் ஒன்றாக அமையும்.

கறுப்பாகத் தார் போல மலம் போவது, ரத்த வாந்தி, விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் மேலே சொன்ன வரிசை எதற்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மருந்துக்கு வெளியே உங்களுக்கு அதிகம் உதவப்போவது அந்த இரவுச் சாப்பாடுதான். இரவு ஷிப்ட் இருக்கிற நாளில் எட்டு மணிக்கே அரிசியும் பருப்பும் சாதமோ இட்லியோ சாப்பிட்டுவிடுங்கள். பதினோரு மணிக்குப் பசித்தால் ஒரு பழமோ ஒரு டம்ளர் மோரோ போதும். சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்க வேண்டாம். கயிற்றுக் கட்டிலில் உடம்பு நடுவில் தொங்கி வயிறு மடங்கும், அதுவே அமிலத்தை மேலே தள்ளும். பலகைக் கட்டில் போட்டு, தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆறேழு அங்குல உயரத்துக்குச் செங்கல் வைத்து, இடது பக்கமாகப் படுங்கள். தலையணையை இரண்டாக அடுக்கினால் கழுத்துதான் உயரும். டீயை மூன்றாக்குங்கள். காரத்தை ஒரேயடியாக விடச் சொல்லி நான் யாரையும் வதைப்பதில்லை, எரிய வைக்கிறது என்று உங்களுக்கே தெரிகிற பதார்த்தத்தை மட்டும் தள்ளி வையுங்கள். பீடி, புகையிலை பற்றி எதுவும் எழுதவில்லை. இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், புகை அந்த வால்வைத் தளர்த்தும்.

வீட்டில் அக்காவும் உங்கள் அட்டையிலிருந்தே அவ்வப்போது ஒரு மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்கிறார், எப்போதும் அசதி என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கீரை, கம்பு, ராகியிலிருந்து இரும்புச்சத்தை எடுக்கவும் அமிலம் வேண்டும். அவருக்கு எதற்காக அந்த மாத்திரை என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. நீங்கள் ரத்தம் கொடுக்கப் போகிற அன்றைக்கு அவரையும் கூட்டிப்போய் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.